பாறை, மண், இளமரம்: கொங்கு நாட்டில் காடு வளர்ப்பின் அடித்தளம்

கொங்கு நாட்டில் நட்ட மரக்கன்று தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் முதல் மூன்று கோடைகளுக்குள் தெரிந்துவிடும். ஒரே நாற்றங்காலில் வளர்ந்து, ஒரே நாளில் நடப்பட்டு, ஒரே மழையில் நனைந்த இரண்டு வேப்பங்கன்றுகளில் ஒன்று ஆள் உயரத்தைத் தாண்டியிருக்கும். நூறு அடி தள்ளி நிற்கும் இன்னொன்று முழங்கால் அளவோடு நின்றிருக்கும். பராமரிப்பில் குறை இல்லாதபோதும் இந்த வேறுபாடு வருகிறது. முதல் கன்றின் வேர் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கும்; இரண்டாவதன் வேர் ஒரு முழத்திலேயே பாறையையோ சுக்காங்கல்லையோ முட்டி நின்றிருக்கும். வேர் எவ்வளவு ஆழம் இறங்க முடியும், இறங்கிய இடத்தில் அதற்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டும்தான் இளங்காட்டின் வளர்ச்சியை முதன்மையாகத் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் மூலம் அடியில் உள்ள பாறை.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் அடித்தளம் ஏறக்குறைய முழுவதும் உருமாறிய பழம்பாறை. சமவெளியில் வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறி மாறி ஓடும் நைஸ் எனும் வரிப்பாறை மிகுதி. நீலகிரியும் ஆனைமலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையால் ஆனவை; நீலகிரிப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லாக இருந்த பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து சார்னோக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்தக் கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. இரு மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை, பாறைகள் நசுங்கியும் முறுக்குண்டும் கிடக்கும் பட்டை ஒன்று ஓடுகிறது. மதுக்கரையில் படிகச் சுண்ணாம்புக்கல், காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் நெஃபலின் சயனைட், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கால்சியம் மிகுந்த அனார்த்தோசைட் என்று இடையிடையே வேறு பாறைகளும் தலைகாட்டுகின்றன. ஒரு வட்டத்துக்குள்ளேயே மண் நான்கைந்து விதமாக மாறுவதற்கு இந்தக் கலவை ஒரு காரணம்.

பாறை மட்டுமே மண்ணைத் தீர்மானிப்பதில்லை. மழையும் சரிவும் சேர்ந்தே பாறையை மண்ணாக்குகின்றன. மழை கொட்டும் மேற்கு மலைச்சரிவுகளில் சார்னோக்கைட் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து சிவந்த களிமண்ணாகியிருக்கிறது. ஆண்டுக்கு 600 முதல் 700 மி.மீ. மழை பெறும் சமவெளியில் சிதைவு மெதுவாக நடக்கிறது. நைஸ் பாறை உதிர்ந்து சரளை கலந்த செம்மண்ணாகிறது. மேட்டில் கரைந்த சுண்ணாம்பும் நுண்களியும் பள்ளத்துக்கு இறங்கித் தங்குகின்றன. அதனால்தான் மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலும், இடையில் சுண்ணாம்பு கலந்த செம்மண்ணும் என்ற வரிசை இப்பகுதியில் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. மண் ஆய்வாளர்கள் இவற்றுக்கு ஊர்ப்பெயர்களையே வைத்திருக்கிறார்கள். இருகூர் வகை சுண்ணாம்பு சேராத செம்மண். பாலத்துறை வகை சுண்ணாம்பு சேர்ந்த செம்மண். பெரியநாயக்கன்பாளையம், பீளமேடு வகைகள் கரிசல்.

இந்த அடுக்குகளைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொங்கு நாட்டின் வெட்டுக்கிணறுகள் போதும். மேட்டாங்காட்டுக் கிணறு ஒன்றின் சுவரில் மேலே ஒரு முழம் செம்மண். அதன் கீழே வெங்கச்சங்கல் கலந்த சரளை. அதற்கும் கீழே கையால் பிட்டால் உதிரும் மக்கிய பாறை. மக்கிய பாறையில் பழைய வரிகள் அப்படியே இருக்கும், அபிரகம் மினுங்கும், நகத்தால் கீறினால் பொடியாகும். அதற்கும் கீழேதான் வெடி வைத்து உடைத்த கருங்கல். அந்தக் கருங்கல் விரிசலிலிருந்து அரசோ ஆலோ கிளம்பி நிற்பதும் உண்டு. கிணற்றுச் சுவரைக் கவனித்துப் பார்த்தால் மெல்லிய வேர் நூல்கள் செம்மண்ணைக் கடந்து மக்கிய பாறைக்குள்ளும் இறங்கியிருப்பது தெரியும். மரத்தைப் பொறுத்தவரை மண் என்பது உழவுப் படலத்தோடு முடிவதில்லை. மக்கிய பாறை தன் நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைக்கிறது. மேல்மண் காய்ந்த பிறகும் அந்த ஈரம் பல வாரங்கள் நிற்கும்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். சரளை கலந்த செம்மண் 30 செ.மீ. ஆழம் இருந்தால், அதில் வேர் உறிஞ்சக்கூடிய நீர் சுமார் 25 முதல் 30 மி.மீ. சித்திரை வெயிலில் கன்றும் அதைச் சுற்றியுள்ள புல்லும் தரையும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவில் நீரை இழக்கக்கூடும். ஆறு நாளில் கையிருப்புத் தீர்ந்துவிடும். அதே மண் ஒரு மீட்டர் ஆழம் இருந்து வேரும் அதுவரை இறங்கியிருந்தால் மூன்று வாரத்துக்குத் தாங்கும். அடியில் மக்கிய பாறையும் இருந்தால் இன்னும் நீளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பிறகு, கோடைமழை வரும் வரை நான்கைந்து மாதம் வானம் பார்த்து நிற்க வேண்டிய பகுதி இது. அந்த மாதங்களைக் கன்று எப்படிக் கடக்கும் என்பதை வேரின் ஆழமே முடிவு செய்கிறது.

பாறையின் வரிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. வரிகள் செங்குத்தாக நிற்கும் நைஸ் பாறையில் மழைநீர் வரிசந்துகளின் வழியே இறங்கும். வேரும் அதே வழியில் இறங்கும். வரிகள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தாலோ, பாறை விரிசல் இல்லாத ஒரே பலகையாக இருந்தாலோ கன்று தொட்டியில் வைத்த செடியின் நிலைக்கு ஆளாகிறது. மழைக்காலத்தில் அடியில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும், கோடையில் அதே வேர் காய்ந்துபோகும். மேலே ஒரே நிறச் செம்மண் பரவியிருப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது. நூறு அடிக்குள் கன்றுகளின் உயரம் மாறுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

இந்தப் பாறைத் தரைக்கென்றே அமைந்த மரங்களும் உண்டு. சேலம், தருமபுரி, சத்தியமங்கலம் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் ஆச்சா மரம் இவற்றில் தனியே சொல்லத் தக்கது. விதை முளைத்த முதல் ஆண்டுகளில் ஆச்சாக் கன்று மேலே வளர்வதாகவே தெரியாது. தண்டு கோடைதோறும் கருகி, மழையில் மறுபடி துளிர்க்கும். அந்தக் காலம் முழுவதும் ஆணிவேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சரளையைத் தாண்டி, பாறை விரிசலுக்குள் நுழைந்து, நிலையான ஈரத்தை எட்டிய பிறகே தண்டு உயரத் தொடங்கும். இந்திய மரங்களின் வளர்ப்பு முறை பற்றி ஆர். எஸ். ட்ரூப் 1921-ல் வெளியிட்ட பெருநூல் இத்தகைய கன்றுகளின் வேர்ப் போக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு உயரத்தை மட்டும் அளந்து ஒரு தோப்பை வெற்றி, தோல்வி என்று தீர்ப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு ஆச்சாவே சான்று. வெக்காலி, புரசு, அரப்புத் தூளுக்கு இலை தரும் உசிலை ஆகியவையும் ஆழமில்லாத கல்தரையைத் தாங்குபவை.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் இதே அறிவின் மேல் எழுந்தவை. ஆழமில்லாத சரளைச் செம்மண். ஆண்டு மழை 600 மி.மீ. அளவு. அங்கே முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் சேர்ந்து நிற்கின்றன. வெள்வேலின் காயை ஆடுகள் தின்று, புழுக்கையோடு வெளிவரும் விதை மழையில் முளைக்கிறது. தரை தாங்கும் இடத்தில் தேறுகிறது, தாங்காத இடத்தில் மடிகிறது. மரங்கள் வரிசையாக நிற்பதில்லை. மண் ஆழம் உள்ள இடத்தில் நெருங்கியும் பாறை மேலெழும் இடத்தில் விலகியும் நிற்கின்றன. அந்த நிலத்தில் மரங்களின் இடைவெளியே அடித்தரையின் வரைபடம். சீரான இடைவெளியில் குழி போட்டு நடும் எந்தத் திட்டமும் இவ்வளவு துல்லியமாக நிலத்தைப் படித்ததில்லை.

அடுத்தது சுண்ணாம்பின் கதை. சமவெளியின் பெரும்பகுதியில் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் சுக்காங்கல் படலம் கிடக்கிறது. மழைநீரில் கரைந்து இறங்கிய சுண்ணாம்பு, நீர் வற்றும் ஆழத்தில் உறைந்து முண்டு முண்டாகத் திரள்கிறது. சில இடங்களில் சேர்ந்து பலகையாகிவிடுகிறது. இதனால் கன்றுக்கு இரண்டு இடர்கள். ஒன்று, தடை. ஆணிவேர் படலத்தை முட்டியதும் பக்கவாட்டில் மடங்கி ஓடும். இப்படி வளர்ந்த மரம் பத்து வயதில் காற்றுக்குச் சாய்வது வழக்கம். மற்றொன்று, சத்துப் பூட்டு. மண்ணின் கார அமில நிலை 8-ஐத் தாண்டும்போது இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்துவிடுகிறது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புக் குறையின் அடையாளம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் நீர் விட்டால், அதிலும் சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டால், மஞ்சள் கூடுமே தவிரக் குறையாது. வேம்பு இந்தப் படலத்தை ஓரளவு சமாளிக்கும். தைலமரம் வெளுத்துப்போகும், ஆழமும் வடிகாலும் கேட்கும் மலைவேம்பு தேங்கிவிடும். நடும் முன் கடப்பாரையால் படலத்தை உடைத்துக் கீழ்மண்ணைத் தொட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

கரிசலில் ஆழத்துக்குக் குறைவில்லை. சிக்கல் அதன் குணத்தில் இருக்கிறது. நனைந்தால் வீங்கி, காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும் களிமண் அது. கோடையில் விழும் வெடிப்புகள் இளங்கன்றின் நுண்வேர்களை அறுத்துவிடுகின்றன. மழையில் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. ஆற்று மணலிலும் வண்டலிலும் செழிக்கும் சவுக்கு இங்கே நோஞ்சானாக நிற்கும். ஏரி உட்பரப்பின் கனத்த களியிலும் கருவேலம் கம்பீரமாக வளரும். அந்த மண்ணுக்கு அதுதான் மரம்.

தேக்கின் வரலாறு இந்த உண்மைகளையெல்லாம் பெரிய அளவில் மெய்ப்பித்திருக்கிறது. 1840-களில் நிலம்பூரில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் தொடங்கிய தேக்குத் தோட்டத்தில் ஆற்றோர வண்டலில் நட்டவை பெருமரங்களாயின; செம்புறைக்கல் தரையில் நட்டவை குன்றிப்போயின. தேக்குக்கு ஆழமான, நீர் வடியும், கால்சியம் உள்ள மண் வேண்டும். கடும் அமிலத் தரையும் நீர் தேங்கும் தரையும் ஆகாது. ஆனைமலையில் டாப்ஸ்லிப் பகுதிக் காடுகள் கண்மூடித்தனமான வெட்டுக்கு ஆளான பின், 1915-ல் அங்கு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட் மறுபடி தேக்கை எழுப்பினார். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. அவர் உழைப்பு பெரிது. அந்த உழைப்பைத் தாங்கியது அங்கே முன்பும் தேக்கு நின்ற தரை. மலையடிவார வண்டல் சேர்ந்த, மக்கிய பாறை ஆழமாக உள்ள, போதிய மழை பெறும் நிலம் அது. 1990-களில் தேக்கு நட்டால் சில ஆண்டுகளில் பெரும்பணம் என்ற விளம்பரங்களை நம்பி, ஆழமில்லாத மேட்டாங்காட்டில் நட்டவர்களுக்கு அந்தத் தரை வாய்க்கவில்லை. தவறு தேக்கினுடையது அன்று. நிலத்தைப் பார்க்காமல் விற்கப்பட்ட ஆசையினுடையது.

வளர்ச்சி வேகமே எப்போதும் நன்மை என்றும் கொள்ள முடியாது. சந்தனம் இதற்கு எடுத்துக்காட்டு. வளமான, நீர் பாயும் மண்ணில் சந்தனக்கன்று விரைவாகப் பருக்கும். ஆனால் கல்லும் சரளையும் உள்ள வறண்ட செம்மண்ணில் மெதுவாக வளர்ந்த மரத்தில்தான் வைரம் நன்றாக ஏறும் என்பது வனத்துறையினரின் நீண்டகால அனுபவம். அதற்கும் எல்லை உண்டு. அரை ஒட்டுண்ணியான சந்தனம் அருகிலுள்ள துணைமரத்தின் வேரைப் பற்றியே பிழைக்கிறது; துவரை முதலிய துணைச்செடிகூட நிற்க முடியாத தரையில் சந்தனமும் நிற்காது.

மலைக்கு ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. நீலகிரியின் மேல்தளத்தில் மண் ஆழம், மழை, இலைமக்கு மூன்றும் உண்டு. சுண்ணாம்போ நெடுங்கால மழையில் அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. மண் அமிலம், இரும்பும் அலுமினியமும் மிகுதி. சமவெளியில் கால்சியம் பிணைத்து வைக்கும் மணிச்சத்தை இங்கே இரும்பும் அலுமினியமும் பிணைத்து வைக்கின்றன. காரணம் எதிரெதிர், கன்றுக்கு விளைவு ஒன்றே. இந்த அமிலத் தரையைத்தான் பைன் மரங்கள் விரும்புகின்றன. மெக்சிகோவைச் சேர்ந்த தொங்கூசிப் பைன் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோப்புகளாக நடப்பட்டது. உதகை அருகே தலைக்குந்தாவில் சுற்றுலாப் பயணிகள் காணும் பைன் காடு இப்படி நட்டு வளர்த்ததுதான்.

பைன் கன்று அமில மண்ணில் மணிச்சத்தைப் பெறும் வழி தனித்தது. அதன் நுனிவேர்களை ஒருவகைப் பூசணம் உறைபோலச் சூழ்ந்து, தன் நுண்ணிழைகளை மண்ணுக்குள் வெகுதூரம் பரப்பி, வேருக்கு எட்டாத சத்தையும் நீரையும் கொண்டுவந்து தருகிறது. பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. இந்தக் கூட்டாளி இல்லாத மண்ணில் பைன் முளைக்கும், சில மாதம் நிற்கும், பிறகு வெளிறித் தேங்கிவிடும். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1930-களிலிருந்து பைன் வளர்க்க எடுத்த முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1955-ல் வட அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து வேரடியில் இட்ட பிறகே கன்றுகள் எழுந்தன. பைன் இயற்கையாக இல்லாத தென்னிந்திய மலைகளில் அந்தப் பூசணமும் வெளியிலிருந்து வந்ததே. மழைக்குப் பின் பைன் தோப்பின் சருகை விலக்கினால் பழுப்புத் தொப்பி வைத்த காளான்கள் தெரியும். குடையின் அடியில் தட்டுகளுக்குப் பதிலாகக் கடற்பஞ்சு போன்ற துளைகள் இருக்கும். மண்ணுக்கடியில் வேரோடு பிணைந்திருக்கும் பூசணத்தின் கனி அது.

பைன் வளர்ந்துவிட்டது என்பதாலேயே அது அந்த இடத்துக்கு ஏற்றதாகிவிடாது. உயர்மலைப் புல்வெளியும் பள்ளங்களில் ஒதுங்கிய சோலையும் சேர்ந்தது நீலகிரியின் இயல்பான அமைப்பு. புல்வெளியில் மரம் இல்லாததற்குப் பனிக்கருகல் முதலிய காரணங்கள் உண்டு. வெற்றிடம் என்று கருதி அதை மரத்தால் நிரப்பியது பிழை. பைன் ஊசிச் சருகு மெதுவாகவே மக்கும்; அமிலத்தைக் கூட்டும்; கீழே புல்லும் சோலைக் கன்றும் எழ விடாது. ஆழச் சிதைந்த களிமண் கடினமான சார்னோக்கைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சரிவுகளில் கனமழையில் மண் நழுவும் ஆபத்தும் உண்டு. 1978-லும் 2009-லும் நீலகிரி கண்ட பெரும் மண்சரிவுகள் அந்தத் தரையின் இயல்பை நினைவூட்டுபவை.

மண்ணை இழந்த நிலத்துக்கு மரம் எளிதில் திரும்புவதில்லை. கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் மலையடிவாரச் செம்மண் செங்கல் சூளைகளுக்காகப் பல ஆண்டுகள் ஆழமாக வெட்டி எடுக்கப்பட்டது. 2021-ல் அந்தச் சூளைகள் மூடப்பட்டன. வெட்டிய குழிகளின் அடியில் இப்போது எஞ்சியிருப்பது சரளையும் மக்கிய பாறையும். ஒரு மீட்டர் செம்மண் உருவாக நைஸ் பாறைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். இந்த இடங்களில் முதலில் வைக்க வேண்டியவை உசிலை, வெள்வேல், ஆச்சா போன்ற கல்தரை மரங்களும் புல்லும்தான். நிழலுக்கும் அழகுக்கும் விரும்பப்படும் மரங்கள் பல ஆண்டுகள் கழித்தே வரலாம்.

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டிருக்கிறது. கொங்கு நாட்டில் அந்த இலக்குக்கு உதவும் அறிவுக்குப் பஞ்சமில்லை. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும் இருக்கின்றன. செய்ய வேண்டியது எளிது. நடப்போகும் நிலத்தில் மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று ஒரு மீட்டர் ஆழக் குழிகள் தோண்டிப் பார்க்க வேண்டும். செம்மண் எத்தனை முழம், சரளை எங்கே தொடங்குகிறது, சுக்காங்கல் உண்டா, மக்கிய பாறை கடப்பாரைக்கு இளகுகிறதா என்று குறித்துக்கொண்டு, மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் தனித்தனியே மண் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே கன்று வாங்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எழுதும் பதிவேட்டில் இந்த ஆழங்களையும் எழுதி வைத்தால், எந்தக் கன்று ஏன் தேறியது என்பதை அடுத்து நடுபவர்கள் தெரிந்துகொள்ளலாம்.